தண்டுவட நீரில் மருந்து குறைவாக இருந்தால் மூளையிலும் குறைவு என்று பொருளா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாயார் மூன்று வாரமாகச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சாப்பிடுகிறார். இன்னும் பெரிய மாற்றம் தெரியவில்லை. மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில், "98 சதவீதம் ரத்தப் புரதங்களோடு பிணைந்திருக்கும்" என்று பார்த்தீர்கள். வேறோர் இடத்தில், இந்த வகை மருந்துகளின் அளவு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீரில் மிகக் குறைவு என்றும் படித்தீர்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்து, மாத்திரையில் பெரும்பகுதி மூளையை எட்டுவதே இல்லை, ரத்தத்தில் சுற்றிவிட்டு அப்படியே வெளியேறிவிடுகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள்.

படித்த தகவல்கள் இரண்டும் சரி. முடிவு மட்டும் தவறு. மருந்தியல் படிக்க வரும் மாணவர்களில் பலரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

மூளைக்குள் எல்லாப் பொருளும் நுழைந்துவிட முடியாது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1885இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயங்களைச் செலுத்தினார். உடல் உறுப்புகள் எல்லாம் நிறம் ஏறின, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இல்லை என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் அதே சோதனையைத் தலைகீழாகச் செய்தார். சாயத்தை ரத்தத்தில் விடாமல் தண்டுவட நீரில் விட்டார். இப்போது மூளை நிறம் ஏறியது, மற்ற உறுப்புகள் ஏறவில்லை. ஆக, சாயம் மூளையில் ஒட்டாமல் போகவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒன்று அதைத் தடுத்திருக்கிறது. அந்தத் தடுப்பு எங்கே இருக்கிறது என்று உறுதியாகக் காட்ட இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1967இல் தாமஸ் ரீஸும் மோரிஸ் கர்னோவ்ஸ்கியும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, மூளைத் தந்துகிகளின் (மிக நுண்ணிய ரத்தக்குழாய்களின்) உட்சுவர் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் இறுகப் பிணைந்திருந்தன. உடலின் பிற தந்துகிகளில் செல்களுக்கு நடுவே நீரும் சிறு மூலக்கூறுகளும் கசிந்துபோக இடுக்கு உண்டு. மூளையில் அந்த இடுக்கு அடைக்கப்பட்டிருக்கிறது.

இது ஒரு தடுப்பு. இன்னொன்றும் இருக்கிறது, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மூளையின் உள்ளறைகளில் கோராய்டு பின்னல் என்று ஒரு மெல்லிய திசு உண்டு. தண்டுவட நீரைப் பெரும்பாலும் சுரப்பது அதுதான். அங்கே உள்ள தந்துகிகள் கசிகிறவை; ஆனால் அவற்றைப் போர்த்தியிருக்கும் மேற்செல்கள் இறுகப் பிணைந்திருக்கின்றன. இது ரத்தத்துக்கும் தண்டுவட நீருக்கும் நடுவில் உள்ள தடுப்பு. முன்னது ரத்தத்துக்கும் மூளைத் திசுவுக்கும் நடுவில் உள்ளது. இரண்டும் வேறு வேறு சுவர்கள்.

"மருந்து ரத்தத்திலிருந்து தண்டுவட நீருக்குப் போகிறது, அங்கிருந்து மூளைக்குள் இறங்குகிறது" என்று பலர் மனத்தில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். மூளையின் தந்துகிகளை நீட்டி வைத்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும். அவற்றின் சுவர்ப்பரப்பு பத்துச் சதுர மீட்டருக்கும் மேல். பக்கத்துப் பக்கத்துத் தந்துகிகளுக்கு நடுவே உள்ள தூரம் சுமார் 40 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அதாவது எந்த நரம்புச் செல்லுக்கும் அருகிலேயே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. மனச்சோர்வு மருந்து மூளைக்குள் வருவது இந்தப் பக்கத்துக் குழாயிலிருந்து நேரடியாகத்தான். தண்டுவட நீரில் காணப்படும் மருந்தில் ஒரு பகுதி கோராய்டு பின்னல் வழியாகவும், இன்னொரு பகுதி மூளைத் திசுவில் செல்களுக்கு நடுவே உள்ள இடைநீரிலிருந்து கசிந்தும் வந்து சேர்கிறது. தண்டுவட நீர் வழியாகவே மருந்து உள்ளே போகவேண்டும் என்றால், திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஊடுருவுவதற்குள் அதன் செறிவு வெகுவாகக் குறைந்துவிடும். ஆழத்தில் உள்ள செல்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே தண்டுவட நீரை மூளையின் நுழைவாயிலாக எண்ணாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் எட்டிப் பார்க்கும் சாளரமாக எண்ணுங்கள்.

சரி, இடுக்கே இல்லாத சுவரை மருந்து எப்படித் தாண்டுகிறது? செல்லின் ஊடாகவே. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு ஒன்று அதில் கரைந்து மறுபக்கம் வெளிவந்துவிடும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற மாத்திரைகளை நினைத்துப் பாருங்கள். பழைய குளோர்ஃபெனிரமின் தூக்கத்தை வரவழைக்கும். புதிய ஃபெக்சோஃபெனடின் பெரும்பாலும் வரவழைக்காது. இரண்டும் தடுப்பது ஒரே ஹிஸ்டமினைத்தான். முன்னது எளிதாக மூளைக்குள் போகிறது, பின்னது போவதில்லை என்பதே வேறுபாடு. மனச்சோர்வு மருந்துகள் முதல் வகையைச் சேர்ந்தவை. செர்ட்ராலினின் மூலக்கூறு எடை 306, ஃப்ளூவாக்செட்டின் 309, அமிட்ரிப்டிலின் 277. எல்லாம் சிறியவை, கொழுப்பு விரும்பிகள். செர்ட்ராலின் போன்றவை மூளையில் கூட்டுவது செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளை; அதையே மாத்திரையாகச் சாப்பிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அதன் மூலக்கூறு இன்னும் சிறியதுதான், ஆனால் கொழுப்பில் கரையாது. ரத்தத்தில் இருந்தாலும் மூளைக்குள் வராது. மூளை அதை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. டிரிப்டோஃபேனைச் சுமந்து உள்ளே கொண்டுவர அந்தச் சுவரில் தனியாக ஒரு கடத்தி இருக்கிறது.

இங்கே கூர்ந்து கவனித்தால் ஒரு சிக்கல் தெரியும். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை காரத் தன்மை உள்ளவை. ரத்தத்தின் பி.ஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7.4. அந்த நிலையில் இவை ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டம் பெற்றுவிடுகின்றன. அமிட்ரிப்டிலினை எடுத்துக்கொண்டால், நூறு மூலக்கூறில் ஏறத்தாழ 99 மின்னூட்டத்தோடு இருக்கும், ஒன்றுதான் இல்லாமல் இருக்கும். மின்னூட்டம் உள்ளது கொழுப்புச் சவ்வைத் தாண்டாது. அப்படியானால் 1 சதவீதம் மட்டும்தான் உள்ளே போகும் என்று தோன்றுகிறதல்லவா? அப்படி ஆவதில்லை. அந்த ஒன்று தாண்டியவுடன், மீதமுள்ள 99இல் ஒன்று தன் புரோட்டானை விட்டுவிட்டு அதன் இடத்துக்கு வருகிறது. அது தாண்டுகிறது, அடுத்தது வருகிறது. இந்த மாற்றம் நொடியின் மிகச் சிறு பின்னத்தில் நடந்துவிடுகிறது. ஆகவே 1 சதவீதம் என்பது எந்த நேரத்திலும் வாசலில் நிற்பவர்களின் எண்ணிக்கை. உள்ளே போனவர்களின் மொத்தக் கணக்கு அதில் இல்லை.

இதே நியாயம்தான் உங்களை அச்சுறுத்திய அந்த 98 சதவீதத்துக்கும்.

ரத்தத்தில் அல்புமின் போன்ற புரதங்கள் ஏராளம். செர்ட்ராலின் அவற்றின்மேல் ஒட்டிக்கொள்கிறது, விடுபடுகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியிருக்கும்போது சுவரைத் தாண்ட முடியாது, உண்மை. ஆனால் அந்தப் பிடி பசைபோட்டு ஒட்டியது போன்றதன்று. புரதத்தில் ஒட்டாத கட்டற்ற மருந்து கொஞ்சம் வெளியேறியதும் புரதத்திலிருந்து அதே அளவு விடுபட்டு ஈடு செய்துவிடும்.

இரண்டு தொட்டிகளை அடியில் ஒரு குழாயால் இணைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ரத்தம், மற்றொன்று மூளை. ரத்தத் தொட்டியில் பெரிய பஞ்சுப் பொதி ஒன்று கிடக்கிறது, அது நீரை உறிஞ்சி வைத்திருக்கிறது. அதற்கு மேலே ஒரு குழாயிலிருந்து தினமும் நீர் வந்துகொண்டே இருக்கிறது. அதுதான் அன்றாட மாத்திரை. சில நாளில் பஞ்சு நிரம்பிவிடும். அதன்பிறகு இரண்டு தொட்டியிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். பஞ்சு எவ்வளவு பெரியது என்பதற்கும் நீர்மட்டத்துக்கும் தொடர்பு கிடையாது. மருந்தியலில் இந்த நீர்மட்டத்தைத்தான் கட்டற்ற செறிவு என்கிறோம். மருந்து வேலை செய்வது அதைப் பொறுத்துத்தான்.

மூளைத் தொட்டியிலும் பஞ்சு உண்டு, பெரும்பாலும் ரத்தத்தில் உள்ளதைவிடப் பெரிய பஞ்சு. மூளை கொழுப்பு மிகுந்த உறுப்பு. கொழுப்பு விரும்பும் இந்த மருந்துகள் அதன் சவ்வுகளில் கரைந்து தங்குகின்றன. செல்லுக்குள் லைசோசோம் என்ற நுண்பைகள் உள்ளன. அவற்றின் உட்புறம் அமிலத் தன்மை கொண்டது. கார மருந்து உள்ளே நுழைந்ததும் மின்னூட்டம் பெற்று, வெளியேற முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது.

தண்டுவட நீரிலோ பஞ்சே இல்லை என்று சொல்லிவிடலாம். அதில் உள்ள அல்புமின் ரத்தத்தில் இருப்பதில் சுமார் இருநூறில் ஒரு பங்கு. ஆகவே அங்கே அளக்கப்படும் மருந்து கிட்டத்தட்ட முழுவதும் கட்டற்ற மருந்துதான். கணக்குக்காக ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் செர்ட்ராலின் இருக்கிறது. 98 சதவீதம் பிணைந்திருக்கிறது. கட்டற்றது 1 நானோகிராம். சுவரைத் தடையின்றித் தாண்டும் மருந்து என்றால் தண்டுவட நீரிலும் சுமார் 1 நானோகிராம் இருக்கவேண்டும். ஆய்வகம் அதை அளந்து "ஐம்பதில் ஒரு பங்குதான் போயிருக்கிறது" என்று எழுதும். உண்மையில் போகவேண்டியது முழுவதும் போய்ச் சமநிலை அடைந்துவிட்டது. அதே நேரத்தில் மூளைத் திசுவை எடுத்து அளந்தால் ரத்தத்தின் 50ஐவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். ஒரே மனிதர், ஒரே நேரம், மூன்று இடத்தில் மூன்று எண்கள். நீர்மட்டம் மட்டும் ஒன்று.

இது வெறும் கணக்கு அன்று. ஃப்ளூவாக்செட்டினில் ஃப்ளூரின் அணுக்கள் இருக்கின்றன, உடலில் இயல்பாக ஃப்ளூரின் மிகக் குறைவு. அதனால் காந்த ஒத்ததிர்வு நிறமாலை முறையில், மண்டையைத் தொடாமலேயே, உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் அந்த மருந்தை அளக்க முடிந்தது. மருந்தும் அதன் வளர்சிதைப் பொருளும் (உடல் அதை மாற்றி உருவாக்குவது) சேர்ந்து, ரத்தத்தில் இருப்பதைப்போல் பத்து மடங்கு அளவில் மூளையில் சேர்ந்திருந்தன. அதே ஃப்ளூவாக்செட்டினைத் தண்டுவட நீரில் அளந்தால் ரத்தத்தைவிட மிகக் குறைவு. இரண்டு முடிவுகளையும் ஒருசேர விளக்குவது மேலே சொன்ன பஞ்சுதான்.

இதனால்தான் மருந்துகளைத் தண்டுவட நீர் விகிதத்தால் தரவரிசைப்படுத்துவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வென்லாஃபாக்சின் ரத்தப் புரதத்தோடு 27 சதவீதம்தான் பிணைகிறது, எஸ்சிட்டலோப்ராம் 56 சதவீதம், செர்ட்ராலின் 98. தண்டுவட நீருக்கும் ரத்தத்துக்கும் உள்ள விகிதத்தைப் போட்டால் வென்லாஃபாக்சின் முன்னே நிற்கும், செர்ட்ராலின் கடைசியில் நிற்கும். வென்லாஃபாக்சின் "நன்றாக ஊடுருவுகிறது" என்று அதற்குப் பொருள் இல்லை. ரத்தத்தில் எது எவ்வளவு ஒட்டுகிறது என்பதைத்தான் அந்தப் பட்டியல் சுற்றி வளைத்துச் சொல்கிறது.

ரத்தத்துக்கும் தண்டுவட நீருக்கும் பி.ஹெச்சில் மிகச் சிறிய வேறுபாடு உண்டு, பின்னது 7.3 அளவில் இருக்கும். அதனால் கார மருந்து அந்தப் பக்கம் கால் பங்கு அளவுக்குக் கூடுதலாகத் தங்கலாம். நடைமுறையில் இதற்குப் பெரிய விளைவு இல்லை.

ஆனால் நீர்மட்டம் எப்போதும் ஒன்றாகவே நிற்கும் என்று நான் சொன்னதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது: நடுவில் பம்பு ஏதும் இருக்கக் கூடாது. தந்துகிச் சுவரில் பம்புகள் இருக்கின்றன. அவற்றில் பெயர் பெற்றது பி-கிளைக்கோபுரதம். 1976இல் ரூடால்ஃப் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் மருந்துக்கு அடங்காத செல்களில் இதைக் கண்டறிந்தார்கள். அது மூளையில் என்ன செய்கிறது என்பது 1994இல் ஆல்ஃபிரட் ஷிங்கல் குழுவின் எலிகளிடம் தெரிந்தது. அந்தப் பம்பு இல்லாதபடி உருவாக்கிய எலிகளுக்குப் பூச்சிக்கொல்லியான ஐவர்மெக்டின் கொடுத்தபோது, சாதாரண எலிகள் தாங்கும் அளவிலேயே அவை இறந்துபோயின. உள்ளே வந்த மருந்தைத் திருப்பி ரத்தத்துக்குத் தள்ள ஆள் இல்லை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோப்பரமைடு ஓப்பியம் வகையைச் சேர்ந்தது. வழக்கமான அளவில் அது மயக்கம் தராமல் இருப்பதற்கும் இந்தப் பம்பு ஒரு முக்கியக் காரணம்.

மனச்சோர்வு மருந்துகளில் இந்தப் பம்பு எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. பம்பு இல்லாத எலிகளின் மூளையில் அமிட்ரிப்டிலின், வென்லாஃபாக்சின், பாராக்செட்டின் ஆகியவை கூடுதலாகச் சேர்ந்தன; ஃப்ளூவாக்செட்டினிலும் மிர்டாசபினிலும் வேறுபாடு தெரியவில்லை. இதை வைத்து மனிதர்களிடம், பம்பின் மரபணு வேறுபாடு மருந்து பலிப்பதை மாற்றுகிறதா என்று தேடினார்கள். 2008இல் ஜெர்மனியின் மியூனிக் குழு ஒன்று தொடர்பு இருப்பதாகக் காட்டியது. அதன்பின் வந்த ஆய்வுகள் ஒத்தும் வந்தன, மாறியும் வந்தன. இந்த ஒரு மரபணுவைப் பார்த்து மருந்தை மாற்றும் நிலைக்கு நாம் வந்துவிட்டதாக நான் கருதவில்லை.

தண்டுவட நீர் என்ற சாளரமும் கொஞ்சம் மங்கலானதுதான். மொத்தம் சுமார் 150 மில்லிலிட்டர் நீர். ஒரு நாளில் சுரப்பது சுமார் 500. அதாவது நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை முழுவதும் புதிதாகிறது. மெதுவாகத் தாண்டும் மருந்தாக இருந்தால், இந்த ஓட்டம் அதைக் கழுவிக்கொண்டு போய், தண்டுவட நீரின் அளவு மூளையின் அளவைவிடக் குறைவாகத் தெரியும். நாம் நீர் எடுப்பதோ மூளைக்கு அருகில் இல்லை. இடுப்பெலும்பு மட்டத்தில், முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி எடுக்கிறோம். மேலே நடப்பது கீழே தெரிய நேரம் ஆகும்.

இதைவிடத் தெளிவான சான்று பெட் ஸ்கேனில் கிடைக்கிறது. செரட்டோனினை மீண்டும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதத்தைத்தான் செர்ட்ராலின் வகை மருந்துகள் தடுக்கின்றன. கதிரியக்கக் குறியிட்ட மூலக்கூறு ஒன்றைச் செலுத்தி, அந்தக் கடத்திகளில் எத்தனையை மருந்து பிடித்திருக்கிறது என்று பார்க்கலாம். செர்ட்ராலின் 50 மில்லிகிராம், சிட்டலோப்ராம் 20, பாராக்செட்டின் 20 போன்ற குறைந்தபட்ச சிகிச்சை அளவிலேயே ஏறத்தாழ 80 சதவீதக் கடத்திகள் பிடிபட்டிருக்கின்றன. நீங்கள் கண்டு அஞ்சிய அந்த ஒரு நானோகிராம் செய்யும் வேலை இது. அளவை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாகாது. மிச்சம் இருப்பதே 20 சதவீதம்தானே.

இந்தப் பிடிப்பு முதல் மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. எனவே உங்கள் தாயாருக்கு மூன்று வாரமாகத் தெளிவு வராததற்கு, மருந்து இன்னும் வழியில் இருக்கிறது என்பது காரணம் ஆகாது. செர்ட்ராலினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், சுமார் 26 மணி. தினமும் சாப்பிட்டால் ஒரு வாரத்தில் அளவு நிலைபெற்றுவிடும். தாமதம் சுவரைத் தாண்டிய பிறகு ஏற்படுவது. செரட்டோனின் கூடியதும், அதைச் சுரக்கும் செல்களின் மேல் உள்ள கட்டுப்பாட்டு ஏற்பிகள் முதலில் சுரப்பைக் குறைக்கச் சொல்கின்றன. அவை தளர்ந்து கொடுக்க வாரங்கள் ஆகின்றன. செல்களின் இணைப்புகளில் மாற்றம் வரவும் அப்படியே. பொதுவாகப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுமையாகத் தெரிய இன்னும் சில வாரம். மூன்றாவது வாரத்தில் "மருந்து போய்ச் சேரவே இல்லை" என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள், அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். தாயாருக்கு உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமோ புதிதாகப் பதற்றமோ இருந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துச் செல்லுங்கள்.

ஒருவருக்கும் இன்னொருவருக்கும் மூளையில் மருந்தின் அளவு மாறுபடுவதற்குப் பெரிய காரணம் பெரும்பாலும் இந்தச் சுவர் கிடையாது, கல்லீரல்தான். எஸ்சிட்டலோப்ராமைச் சிதைக்கும் நொதி சிலருக்கு மிக வேகமாகவும் சிலருக்கு மிக மெதுவாகவும் வேலை செய்கிறது. அதே மாத்திரை, அதே வேளை, ரத்தத்தில் வேறு அளவு; மூளையின் நீர்மட்டமும் அதைத் தொடர்ந்தே ஏறி இறங்குகிறது. மருந்து வெளியேறுவதும் இப்படித்தான். வென்லாஃபாக்சினின் அரை ஆயுள் சுமார் 5 மணி. ஒரு வேளை மாத்திரை தவறினாலே சிலருக்குத் தலைச்சுற்றலும் படபடப்பும் வருவது ரத்தத்தில் இறங்கியது மூளையிலும் உடனே இறங்குவதால்தான். ஃப்ளூவாக்செட்டினும் அதன் வளர்சிதைப் பொருளும் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் தங்கும்.

கடைசியாக, தண்டுவட நீரை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மனச்சோர்வு மருந்தின் அளவை அறிய வழக்கமான சிகிச்சையில் யாரும் முதுகில் ஊசி போடுவதில்லை. ஐயம் இருந்தால் ரத்தப் பரிசோதனை போதும். அளவு நிலைபெற்ற பிறகு, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு ரத்தம் எடுப்பார்கள். நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்துக்கு மில்லிலிட்டருக்கு 50 முதல் 150 நானோகிராம் என்ற எல்லை பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. செர்ட்ராலினில் ரத்த அளவுக்கும் பலனுக்கும் அவ்வளவு நெருங்கிய தொடர்பு இல்லை. ஆனாலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்தத்தில் ஏறவில்லையா, அல்லது ஏறியும் பலன் தரவில்லையா என்று பிரித்தறிய அது உதவும். முதலாவது என்றால் அளவைப் பற்றி யோசிக்கலாம், இரண்டாவது என்றால் மருந்தையே மாற்றுவதைப் பற்றி. மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.